கேட்டுவிட்டுக் காத்திருந்த டோரா

கேள்வி கேட்டவர் கம்பஸில் படிக்கும் ஒரு தங்கச்சி. சொந்த இடம் புதுக்குடியிருப்புப் பக்கம் என்று எழுதியிருக்கிறார். சின்ன வயதில் சுட்டி ரிவியில் டோரா பார்த்து வளர்ந்தவர், 2019இல் வந்த டோரா திரைப்படத்தை இப்போதுதான் விடுதி அறையில் ஐந்து பேராகக் கூடியிருந்து பார்த்திருக்கிறார். படம் முடிந்ததும் அறை இரண்டாகப் பிரிந்துவிட்டது. இரண்டு பேருக்கு நல்லாய்ப் பிடித்திருக்கிறது, ஒருத்திக்குக் கோபம், இன்னொருத்தி பாதியில் நித்திரை. இவருக்கோ சிரிப்பும் வந்தது, உள்ளுக்குள் ஏதோ களவு போனது போலவும் இருந்தது. “படம் கூடாதா, இல்லாட்டி நான் வளர்ந்திட்டனா?” என்று கேட்டிருக்கிறார். பத்து வயதுத் தம்பிக்கு இதைக் காட்டலாமா என்பது துணைக் கேள்வி. என் கணிப்பில், அவரைக் குடைவது வேறொன்று: ஒரே கார்ட்டூனைப் பார்த்து வளர்ந்த ஐந்து பேர், ஒரே படத்துக்கு ஏன் இத்தனை விதமாக மனம் மாறினார்கள்? அதைத்தான் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் சினிமா படித்தவன் இல்லை. போர் முடிந்து, 2010இல் மீள்குடியேறிய கையோடு தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டுப் பக்கமெல்லாம் வீடு வீடாக டிஷ் பூட்டித் திரிந்தவன். பிறகு கிளிநொச்சியில் சின்னதாய் ஒரு சீடிக் கடை போட்டேன். பென்ரைவ் வந்து சீடியை விழுங்க, அதே கடை போன் திருத்தும் கடையானது. அதற்கெல்லாம் முந்தி, தொண்ணூறுகளில், வன்னிக்குள் கரண்ட் இல்லாத காலத்தில், ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் கொண்டுவந்து படம் போடும் அண்ணைமாருக்கு மண்ணெண்ணெய்க் கலன் தூக்கிய பெடியன். ஆகவே யார் எதைப் பார்த்தார்கள், எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் எழும்பிப் போனார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த அனுபவம் மட்டும் இருக்கிறது. படத்தைப் பற்றியும் கார்ட்டூனைப் பற்றியும் நான் சொல்லும் விபரங்கள் உறுதியானவை. பிள்ளைகளின் மனதைப் பற்றிச் சொல்வது என் ஊகம். அதை ஊகம் என்றே எடுங்கள்.

டோரா கார்ட்டூன் 2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்காவின் நிக்கலோடியன் சானலில் தொடங்கியது. பள்ளிக்கூடம் போகத் தொடங்காத பிள்ளைகளுக்கென்றே செய்தது. அதன் தோற்றமே ஒரு கொம்பியூட்டர் விளையாட்டு மாதிரி. டோரா “ஆறு எங்கே இருக்கிறது?” என்று கேட்பாள், கொஞ்ச நேரம் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பாள், பிறகு ஒரு நீல அம்புக்குறி வந்து சரியான இடத்தைத் தட்டும். அந்த நிற்றல் தற்செயலாக வந்ததல்ல. அதே சானலில் 1996இல் தொடங்கிய, ஒரு நீலநிற நாய்க்குட்டியை வைத்துச் செய்த நிகழ்ச்சியில் இந்த உத்தியைப் பழகிவிட்டார்கள். அதில் ஒரே கதையைக் கிழமையில் ஐந்து நாளும் போட்டார்கள். முதல் நாள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, ஐந்தாம் நாள் பதிலைக் கத்திச் சொல்லும் என்பது கணக்கு. டோராவின் இடைவெளி அந்தக் கணக்கின் பிள்ளை.

தமிழுக்கு வரும்போது இன்னும் இரண்டு விஷயம் நடந்தது. சுட்டி ரிவி 2007 ஏப்ரலில் தொடங்கியது. அதில் வந்த டோராவுக்குக் கூட வந்த குரங்கு புஜ்ஜி ஆனது, திருட வரும் நரி குள்ளநரி ஆனது. மூலத்தில் டோரா ஆங்கிலம் பேசிக்கொண்டு இடையிடையே ஸ்பானிஷ் சொல்லித் தருவாள். தமிழில் அவள் தமிழ் பேசிக்கொண்டு இங்கிலிஷ் சொல்லித் தந்தாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு முதல் இங்கிலிஷ் ரீச்சர் டோராதான் என்று நான் சொன்னால், ஆசிரியர்மார் கோவிக்கக் கூடாது.

டிஷ் பூட்டுகிறவனுக்கு வேலை முடிந்ததன் அடையாளம் மீற்றர் இல்லை, வீட்டுக்குள்ளிருந்து வரும் சத்தம். தகரக் கூரையில் நின்று டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டு “வருதோ?” என்று கேட்பேன். கீழே தாய் “வெட்டி வெட்டி வருது அண்ணை” என்பார். இன்னும் ஒரு நூல் அளவு திருப்பினால் “புஜ்ஜீ!” என்று ஒரு கீச்சுக் குரல் கேட்கும். சரி, நட்டை இறுக்கிவிட்டு இறங்கலாம். செய்தி வருமோ, நாடகம் வருமோ என்று கேட்டவர்களை விட, “சுட்டி வருமோ?” என்று கேட்டவர்கள்தான் கூட. ஒரு வீட்டில் டோரா ஆற்றைத் தேடிக்கொண்டு நிற்க, சாய்மனைக் கதிரையில் படுத்திருந்த அப்பு, “அந்தா பின்னாலை கிடக்கு, கண் தெரியேல்லையோ இவளுக்கு” என்று ஏசினார். டோரா அவருக்கும் நன்றி சொன்னாள். மனிசன் அடுத்த நாளும் பார்த்திருப்பார்.

இன்னொரு வீட்டில் மேப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. போகவேண்டிய மூன்று இடங்களையும் டோரா திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பாள் அல்லவா, பாலம், காடு, மலை என்று. அந்த வீட்டு அக்கா தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே, “நாங்களும் சொல்லுவம் தம்பி, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன். மேப்தான் ஒருத்தரும் தரேல்லை” என்று சொல்லிச் சிரித்தார். போரில் சனம் இடம்பெயர்ந்து ஓடிய வழி அது. நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் ஊகம் இங்கேதான் தொடங்குகிறது. 2010, 2011இல் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க நேரம் இல்லை. கிணறு இறைக்கவேண்டும், பற்றை வெட்டவேண்டும், பதிவுக்கு வரிசையில் நிற்கவேண்டும். “சாப்பிட்டியோ?” என்று கேட்பார்கள், பதில் வருவதற்குள் வெளியே போயிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெட்டை நேரே முகத்தைப் பார்த்து, தமிழில், கேட்டுவிட்டு நின்றாள். பிள்ளை சொன்ன பதில் பிழை என்றாலும் “சரியாச் சொன்னாய்” என்றுதான் சொன்னாள், ஏனென்றால் அவளுக்குக் கேட்காது. அது பிள்ளைக்குத் தெரியாது. கேள்வி கேட்ட தங்கச்சியும் அந்த வயதுக்காரர்தான் என்று நினைக்கிறேன். அவர் நேசித்தது காட்டையும் மலையையும் விட அந்த நிற்றலை என்றால், படம் பார்த்தபோது களவு போனது எது என்று கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை.

இனிப் படம். ஜேம்ஸ் பொபின் இயக்கியது, 2019 ஓகஸ்டில் வந்தது, இசபெலா மோனர் டோராவாக நடித்தார். கார்ட்டூனில் ஏழு வயதுப் பிள்ளை, படத்தில் பதினாறு வயது. காட்டில் தாய் தகப்பனோடு வளர்ந்தவளை, அவர்கள் பரபட்டா என்ற இன்கா நகரத்தைத் தேடிப் போகும்போது லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து உயர்தரப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பிறகு கடத்தல், காடு, புதையல் வாசல் என்று கதை ஓடுகிறது. தொடக்கத்தில் ஒரு காட்சி: சின்ன டோரா சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, கார்ட்டூனில் செய்வது போலவே நம்மைப் பார்த்துத் திரும்பி, இந்தச் சொல்லைச் சொல்லுங்கள் பார்ப்போம் என்கிறாள். தாயும் தகப்பனும் இவள் யாரோடு கதைக்கிறாள் என்று திரும்பிப் பார்த்து முழிக்கிறார்கள். வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார் தகப்பன்.

எனக்கு அது நல்ல பகிடி. வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், பகிடி யாரைப் பற்றி? டோரா பார்த்துக் கதைத்த அந்த ‘யாரும் இல்லாத இடத்தில்’ இருந்தது நீங்கள்தான். இத்தனை வருடம் உங்களோடு கதைத்தவள், காற்றோடு கதைத்தவள் ஆகிவிட்டாள். சிரித்தவர்களும் சரி, கோபப்பட்டவரும் சரி, இருவருமே காட்சியைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இந்தப் படத்தைக் கொரோனா ஊரடங்கில் பார்த்தோம். மகளுக்கு அப்போது பத்து வயது. பெரிய டோரா வந்து கொஞ்ச நேரத்தில், “அப்பா, இவள் கேட்டுப்போட்டு நிக்கிறாளில்லை” என்றாள். விமர்சனம் எழுதச் சொல்லியிருந்தால் நான் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன், இவ்வளவு சரியாய் வந்திராது.

வயதைக் கூட்டியதுதான் பிழை என்று ஒரு கட்சி இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காத்தவராயன் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கதாநாயகன் காத்தானை ஆடுவது ஒரே ஆள் இல்லை. முன்காத்தான் ஒருவர் ஆடுவார், பின்காத்தான் வேறொருவர். பால்குடி மாறாத காத்தான் உள்ளே போனால், மீசை வைத்த காத்தான் வெளியே வருவான். மூன்று வயதுப் பிள்ளைகூட அதைப் பார்த்து “இவன் வேற ஆள்” என்று அழுதது கிடையாது. ஏன்? மெட்டு மாறாது. ஆள் மாறினாலும் அதே காத்தவராயன் மெட்டில்தான் பாடிக்கொண்டு வருவான், காதுக்கு அவன் அவன்தான். ஆனால் கூத்தை விடிய விடிய ஆடாமல் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குச் சுருக்கினால் பழைய ஆட்கள் முகத்தைச் சுழிப்பார்கள். மெட்டை மாற்றி சினிமாப் பாட்டு மாதிரிப் பாடினால் எழும்பிப் போய்விடுவார்கள். டோராவுக்கு மெட்டு அந்த நிற்றல். ரோசாநிற ரீசேட்டையும், செம்மஞ்சள் காற்சட்டையையும், ஊதாப் பையையும், நெற்றியில் வெட்டிய மயிரையும் படம் கவனமாய்க் காப்பாற்றியிருக்கிறது. உடுப்பு அப்படியே இருந்தது, மெட்டுப் போய்விட்டது.

வேறு படங்களிலும் இதை வைத்துப் பார்த்தேன், பெரும்பாலும் பொருந்துகிறது. 1984இல் தொடங்கிய ட்ரான்ஸ்போமர்ஸ் கார்ட்டூனை மைக்கல் பே 2007இல் படமாக்கியபோது, அதில் வரும் இயந்திரத் தலைவன் ஒப்ரிமஸ் பிரைமின் உடம்பில் தீச்சுவாலை வரைந்ததற்கும் வாய் வைத்ததற்கும் பழைய ரசிகர்கள் ஏசினார்கள். ஆனால் கார்ட்டூனில் குரல் கொடுத்த பீற்றர் கலனையே படத்துக்கும் கூப்பிட்டிருந்தார்கள். அந்தக் குரல் வந்ததும் ஏச்சுப் பாதி அடங்கியது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஜங்கிள் புக்கை ஹிந்தியில் வெளியிட்டபோது, தூரதர்ஷனில் தொண்ணூறுகளில் ஓடிய மோக்லி கார்ட்டூனில் ஷேர்கானுக்குப் பேசிய நானா படேகரையே திரும்பப் பேசவைத்தார்கள். வியாபாரம் தெரிந்தவர்கள். நாங்கள் டோராவைத் தமிழ்க் குரலில் அறிந்தவர்கள். நீங்கள் விடுதியில் பார்த்தது இங்கிலிஷில், கீழே எழுத்து ஓடியது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அமெரிக்கப் பிள்ளை இழந்ததை விட ஒரு பங்கு கூடவே இழந்திருக்கிறீர்கள். அங்கே மெட்டு மட்டும் போனது, உங்களுக்குப் பாடியவரும் போய்விட்டார். படத்தில் டோரா கெச்சுவா மொழியும் பேசுகிறாள், பெருவின் பழைய மொழி. நல்ல காரியம்தான். ஆனால் எங்கள் டோரா தமிழச்சி அல்லவா!

சுருக்குவதில் வரும் கேட்டுக்கு உதாரணம் வேண்டுமென்றால் அவதார், காற்றை ஆளும் பையனின் கதை. 2005 தொடக்கம் 2008 வரை 61 பகுதிகள் வந்த கார்ட்டூன். அதன் முதல் பருவத்து 20 பகுதிகளை 2010இல் இயக்குநர் ஷியாமளன் ஒன்றேமுக்கால் மணித்தியாலத்துக்குள் அடைத்தார். அவர் மாஹேயில் பிறந்தவர், தாய் தமிழர். அந்தப் பாசத்தில் நான் கடையில் நாலு கொப்பி கூடப் போட்டேன், நாலும் தூசி பிடித்தது. பையனின் பெயரை உச்சரிக்கும் விதத்தைக்கூட மாற்றியிருந்தார். ஒரு பெடியன் சீடியைத் திருப்பிக் கொண்டுவந்து, “அண்ணை, இது வேற ஆரின்ரையோ கதை” என்றான். காசைத் திருப்பிக் கொடுத்தேன். மாறாக, வீடியோ விளையாட்டில் வந்த சொனிக் முள்ளெலியின் பட முன்னோட்டம் 2019 ஏப்ரலில் வந்தபோது, அதற்கு மனிசப் பல்லு வைத்திருந்ததைப் பார்த்து உலகமே அருவருக்க, உருவத்தைத் திருத்திவிட்டு நவம்பரில் வரவேண்டிய படத்தை அடுத்த பெப்ரவரிக்குத் தள்ளினார்கள். ரசிகர்களின் முறைப்பாட்டுக்குக் காது கொடுத்த சம்பவங்களில் அது ஒன்று. அங்கே கெட்டிருந்தது முகம், அதைத் திருத்தலாம். டோராவில் அப்படித் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் படம், ஒவ்வொரு கேள்விக்கும் நின்று நின்று போனால் பெரியவர்கள் விசரில் எழும்பிப் போய்விடுவார்கள். இயக்குநர் வேறு என்ன செய்வது? பகிடியாக்கி, மரியாதையாக வழியனுப்பிவிட்டார்.

வசூலை வைத்து நியாயம் தீர்க்க வேண்டாம். டோரா படம் உலகமெல்லாம் சேர்த்துச் சுமார் 12 கோடி டொலர் எடுத்தது, போட்ட காசுக்கு மோசமில்லை. அதே வருடம் வந்த லயன் கிங் 160 கோடி டொலருக்கு மேல் எடுத்தது. என்றாலும் 1994இல் வந்த, கையால் வரைந்த சிங்கம் அழுதது போல இந்த அசல் மாதிரிச் சிங்கம் அழவில்லை என்று குறைப்பட்டவர்களும் ரிக்கற் எடுத்தவர்கள்தான். மனக்குறையோடும் பார்க்கலாம், பார்த்தபிறகும் குறை சொல்லலாம், இரண்டும் ஒரே ஆளுக்குள் நடக்கும்.

அப்படியானால் உங்கள் அறையில் பிடித்தது என்றவர்கள் டோராவை நேசிக்காதவர்களா? அப்படிச் சொல்லமாட்டேன். என் கடைக்கு வந்து இந்தப் படத்தைப் பற்றிக் கதைத்தவர்களை எண்ணினால் இருபது பேர் தேறும், அதை வைத்துச் சட்டம் போடமுடியாது. ஆனாலும் ஒரு வித்தியாசம் கண்டேன். அண்ணன் தங்கையோடு கூடியிருந்து கார்ட்டூன் பார்த்தவர்களுக்குப் படம் கூடப் பிடித்தது. அவர்களுக்கு டோரா ஒரு விளையாட்டு. குள்ளநரி வந்தால் எல்லாருமாய்க் கத்துவார்கள், அந்தக் கத்தல்தான் சுகம். படத்திலும் நாலு பிள்ளைகள் சேர்ந்து ஓடுகிறார்கள், கத்துகிறார்கள், அது போதும். தனியே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் ஏதோ ஒன்று குறைந்தது. இது பிழையாகவும் இருக்கலாம். உங்கள் அறையில் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள், யார் யாரோடு இருந்து பார்த்தார்கள் என்று. நித்திரை கொண்டவரையும் எழுப்பிக் கேளுங்கள்.

“நான் வளர்ந்திட்டனா” என்பதற்கும் பதில் சொல்லவேண்டும். வளர்ந்துதான் விட்டீர்கள், ஆனால் படம் பிடிக்காததற்கு அது காரணமென்று நினைக்கவில்லை. யூரியூப்பில் பழைய தமிழ் டோராவில் ஒரு துண்டைத் தேடிப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் அலுக்கும், “உனக்குக் கண் தெரியேல்லையோ” என்று அப்பு மாதிரி ஏசவும் வரும். ஆனால் கோபம் வராது. அலுப்பு வயதால் வருவது. படம் பார்த்தபோது உங்களுக்கு வந்தது அலுப்பு இல்லை என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. படமாக மட்டும் பார்த்தால் அது நல்ல படம் என்பதுதான் என் கட்சி. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சிரித்தும் டோரா தன்னை மாற்றிக்கொள்ளவில்லை, வெட்கப்படவும் இல்லை. கடைசிவரை அதே வெள்ளை மனம். அவளை நவநாகரிகப் பெட்டையாக்கி ஒரு பாட்டுப் போடாமல் விட்டதற்கே நான் கைதட்டுவேன்.

தம்பிக்குக் காட்டலாம். அவன் டோரா பார்த்து வளர்ந்திருக்காவிட்டால் இன்னும் நல்லது, வெறும் புதையல் கதையாகப் பார்த்து ரசிப்பான். பயப்படும்படி பெரிதாக ஒன்றும் இல்லை, புதைமணல், பொறி, அம்பு இவ்வளவுதான். நீங்களும் கூட இருந்து பார்ப்பதானால் ஒரு இடத்தில் மட்டும் போனை நோண்டாமல் இருங்கள். காட்டுக்குள் பெரிய பூக்கள் பூத்த ஒரு வெளி வரும், அதன் தூள் மூக்கில் ஏறியதும் எல்லாரும் ஒன்றிரண்டு நிமிடத்துக்குப் பழைய கார்ட்டூனாகவே மாறிவிடுவார்கள், அதே கோடு, அதே நிறம். எங்கள் வீட்டில் மகள் அந்த இடத்தில்தான் எழும்பி நின்று “டோரா!” என்றாள். அதுவரைக்கும் “அந்த அக்கா” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.